பல்லுக்குள்ளே ஒரு பழுதுபார்க்கும் படை!



"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள். எனக்குப் பல் போகவில்லை, ஆனால் பல்லின் உயிர் போய்விட்டது. காலாண்டுத் தேர்வு சமயத்தில் கீழ்க் கடைவாய்ப்பல்லில் கூச்சம் ஆரம்பித்தது. ஊசிக்குப் பயந்து வீட்டில் மூச்சு விடவில்லை. ராத்திரி வலித்தால் ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுவேன். அரையாண்டு விடுமுறையில் கன்னம் வீங்கிய பிறகுதான் அம்மா இழுத்துக்கொண்டு போனார். "முன்னாடியே வந்திருந்தா, நாங்க கொஞ்சம் உதவி பண்ணியிருந்தா, பல்லே தன்னைச் சரி பண்ணிக்கிட்டிருக்கும்மா. இப்போ உள்ளே செத்துப்போச்சு" என்றார் டாக்டர். வேர் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

பல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளுமா? தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

பல்லின் அமைப்பு

வெளியே இருப்பது எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள் இதுதான். ஆனால் இதில் செல்களே இல்லை, அதனால் தேய்ந்தால் திரும்ப வளராது. அதற்குள் டென்டின். நடுவில் ரத்தக்குழாய், நரம்பு, செல்கள் நிறைந்த பற்கூழ். பற்கூழின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஒடோன்டோபிளாஸ்ட் செல்கள்தான் டென்டினைக் கட்டும் கொத்தனார்கள்.

சைகைப் புரதங்கள் என்றால் என்ன?

நம் பள்ளியில் சுற்றறிக்கை வருகிறதல்லவா? எல்லா வகுப்பிலும் வாசிப்பார்கள். "என்.சி.சி. மாணவர்கள் மைதானத்துக்கு வரவும்" என்றால் அவர்கள் மட்டும்தான் எழுந்து போவார்கள். சைகைப் புரதமும் அப்படியே. அதற்குரிய ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறதோ, அந்தச் செல் மட்டும் வேலையைத் தொடங்கும்.

சொத்தை விழும்போது பாக்டீரியாக்கள் சுரக்கும் அமிலம் டென்டினைக் கரைக்கிறது. பல் உருவானபோதே டென்டினுக்குள் பூட்டி வைக்கப்பட்ட டி.ஜி.எஃப்-பீட்டா என்ற புரதம் அப்போது விடுதலையாகிறது. திருடன் பூட்டை உடைத்ததும் மணி அடிப்பது போல! உடனே ஒடோன்டோபிளாஸ்ட்கள் உள்பக்கம் புது டென்டின் சுவர் எழுப்புகின்றன.

சொத்தை ஆழமாகி அந்தச் செல்களே இறந்துவிட்டால்? பற்கூழிலுள்ள குருத்தணுக்கள் வருகின்றன. எஃப்.ஜி.எஃப். அவற்றைப் பெருகச் செய்கிறது. வி.இ.ஜி.எஃப். புது ரத்தக்குழாய்களை வளர்க்கிறது. பி.எம்.பி. அவற்றைக் கொத்தனார் செல்களாக மாற உதவுகிறது.

அப்படியானால் என் பல் ஏன் செத்தது? கிருமி அதிகமானால் பற்கூழ் வீங்கும். சுற்றிலும் கடினச் சுவர், வேர்நுனியில் சின்னத் துளை மட்டுமே. வீக்கத்துக்கு இடமில்லாமல் ரத்த ஓட்டம் நெருக்கப்படுகிறது, படை மடிகிறது. நான் கிராம்பு கடித்தபோது வலி மட்டும்தான் மரத்தது. உள்ளே நோய் முற்றிக்கொண்டே இருந்தது.

விஞ்ஞானிகள் கண்டவை

* 1962-ல் ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்த புரதத்தைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தினார். கண் சீக்கிரம் திறந்தது, பல்லும் சீக்கிரம் முளைத்தது! அதுதான் ஈ.ஜி.எஃப். வளர்ச்சிக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்காக 1986-ல் ரீட்டா லெவி-மொண்டால்சினியுடன் நோபல் பரிசு பெற்றார்.

* 2000-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பற்கூழ்க் குருத்தணுக்களைக் கண்டறிந்தார்கள். அக்குழுவின் சோங்டாவ் ஷி, தன் மகளின் விழுந்த பால்பல்லுக்குள் சிவந்த திசு இருப்பதைக் கவனித்தார். பால்பல்லிலும் குருத்தணு உண்டு என்பது 2003-ல் வெளியானது. நாம் கூரை மேல் எறிந்த பல்லுக்குள் இவ்வளவு விஷயம்!

* 2017-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் ஷார்ப் குழு, டைடிகுளூசிப் என்ற மருந்தில் நனைத்த கொலாஜன் பஞ்சை எலிப்பல்லின் ஓட்டையில் வைத்தது. 'விண்ட்' என்னும் சைகைக்கு இருந்த தடை நீங்கியது. பஞ்சு கரையக் கரைய, அந்த இடத்தில் டென்டின் வளர்ந்தது.

முடிவாக...

போன வாரம் என் தம்பி, "அக்கா, ஐஸ் சாப்பிட்டா கூசுது" என்றான். அன்று சாயங்காலமே கூட்டிப் போனோம். டாக்டர் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து அடைத்தார். நாம் வேதியியலில் படிக்கும் நீற்றுச் சுண்ணாம்புதான் அது. டென்டினில் பூட்டிக் கிடக்கும் சைகைப் புரதங்களை அதுவும் வெளியே கொண்டுவருமாம். (அதுக்காக யாரும் வெத்தலைச் சுண்ணாம்பைப் பல்லில் வைத்துவிடாதீர்கள்!)

தம்பியின் பல்லுக்குள் படை உயிரோடு இருக்கிறது. என் பல்லில் இல்லை. நண்பர்களே, கூச்சம் என்பது பல் அடிக்கும் முதல் மணி. மணி அடித்ததும் வகுப்புக்கு ஓடுகிறோமே, அதேபோல் டாக்டரிடமும் ஓடுங்கள். ஊசி ஒரு நிமிஷம்தான் வலிக்கும். சத்தியமாக!

– 11-ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவி