பொடி வைக்கத் தெரிந்தால் வேலை உண்டு

பொடி வைத்துப் பேசுவது நம்மில் பலருக்குக் கைவந்த கலை. ஆனால் உலோகத் துண்டுகளை ஒட்டும் பற்றுப்பொடியை வைத்து ஊதத் தெரிந்தவருக்குத்தான் நகைப் பட்டறையில் வேலை. மயிலாப்பூரில் டிசம்பர் சீசனும் அரங்கேற்றங்களும் நெருங்கினால் நாட்டிய நகைகள் ரிப்பேருக்கு வந்து சேரும். ஒட்டியாணத்தில் கொக்கி போயிருக்கும், ஜிமிக்கியில் வளையம் விட்டிருக்கும். உடல் வெள்ளி, கொக்கி பித்தளை, கம்பி செம்பு என்று ஒரே நகையில் மூன்று உலோகம்கூட இருக்கும்.

வேலைக்குச் சேரப் போகும் அன்று பட்டறைப் பத்தர் சான்றிதழ் கேட்பதைவிட, ஒரு வெள்ளித் தகட்டையும் செம்புக் கம்பியையும் நீட்டி, "பத்த வை, பார்ப்போம்" என்று சொல்லவே வாய்ப்பு அதிகம். வெள்ளி 962 டிகிரியில் உருகும், செம்பு 1085 டிகிரியில். அப்படியானால் 900 வரை பயமில்லை என்று கணக்குப் போட்டீர்களோ, போச்சு. இரண்டும் ஒட்டியிருக்கும் இடம் 780-லேயே இளகி உட்கார்ந்துவிடும். அதனால் பொடி உருகி ஓடிய கணமே டார்ச்சை எடுத்துவிட வேண்டும்.

அந்தக் கணத்தைக் கண்தான் சொல்லும். வெங்காரத்தைத் தண்ணீர் விட்டுக் கல்லில் உரைத்துத் தடவிச் சூடு காட்டினால், முதலில் வெள்ளையாகப் பொரியும். பிறகு அடங்கிக் கண்ணாடி மாதிரி படியும். நெருப்பைப் பொடி மேலேயே பிடிக்காதீர்கள், உருண்டையாகி நின்றுவிடும். பெரிய துண்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள், கம்பிக்குச் சூடு தானாக வரும். சூடு எந்தப் பக்கமோ பொடி அந்தப் பக்கம். இடுக்கில் பளிச்சென்று ஒரு கோடு ஓடினால் வேலை முடிந்தது.

பழைய நகை என்றால் முதலில் திருப்பிப் பாருங்கள். கெம்புக் கல்லுக்கு அடியில் அரக்கு இருந்தால் சூட்டில் ஒழுகிவிடும். கல்லைக் கழற்றாமல் கை வைக்கக் கூடாது. மங்கிய சாம்பல் நிறப் பற்று தெரிந்தால் யாரோ புண்ணியவான் ஈயம் வைத்திருக்கிறார். அதைச் சுத்தமாகச் சுரண்டாமல் டார்ச் காட்டினால் வெள்ளியில் குழி விழும். இரும்புக் கட்டுக்கம்பியை அவிழ்க்காமல் அமிலத்தில் போட்டால் வெள்ளி மேல் செம்பு நிறம் ஏறும். லேசர் இயந்திரமும் பழகி வையுங்கள். கல்லுக்குப் பக்கத்தில்கூட ஒட்டலாம். ஆனால் வெள்ளியும் செம்பும் அந்த ஒளியைத் திருப்பியடிக்கும் உலோகங்கள், லேசரிலும் கைப்பக்குவம் வேண்டும்.

தி.நகர் பக்கம் தங்க வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொடி கூடினால் தங்கத்தின் மாற்று குறையும். 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமான பிறகு அது சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

சம்பளம் பேசும் முன், பொடியில் காட்மியம் உண்டா என்று கேளுங்கள். நகைக்கடைகள் பெருமையாகச் சொல்லிவந்த 'கேடிஎம்' தர முத்திரையல்ல, காட்மியம் என்பதன் சுருக்கம்தான். அது 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும்; அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். துத்தநாகம் கலந்த பொடியே போதும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா" என்று பதில் வந்தால் அடுத்த பட்டறையைப் பாருங்கள்.