மெய்நிகர் கணினி நின்றுவிட்டால்

சர்வருக்குள் மென்பொருளால் அமைந்து தனிக் கணினிபோல் இயங்குவது மெய்நிகர் கணினி. கோரமின்றிப் பஞ்சாயத்துக் கூட்டம் நடவாது என்பதை நாம் அறிவோம். பிராக்ஸ்மாக்ஸ் சர்வர் தொகுதிக்கும் அதுவே விதி. 3 சர்வர்களில் 2 தொடர்பில் இருத்தல் வேண்டும். தொடர்பிழந்த சர்வர் சுமார் 60 விநாடிகளில் தன்னைத்தானே நிறுத்தி மீளத் துவங்கும். அதன் பின்னரே அதன் பணியை மற்றொன்று ஏற்கும். ஒரே வட்டில் இரு சர்வர்கள் எழுதினால் பதிவேடுகள் பாழாகும் என்பதே காரணம்.

ஆகவே, மெய்நிகர் கணினி நின்றுவிட்டால் நாம் செய்யவேண்டியவை:

1. கோரம் உள்ளதா எனப் பார்த்தல்.

2. அதன் வட்டு பொதுச் சேமிப்பில் உள்ளதா என அறிதல். நகலின்றி ஒரே சர்வரில் இருப்பின், பிற சர்வர்களால் இயக்க இயலாது.

3. 'பிழை' நிலை தோன்றினால், அதனை முடக்க நிலைக்கு மாற்றி, காரணத்தைக் களைந்து, பின்னரே துவக்குதல்.

அவசரத்தில் கோர எண்ணிக்கையைக் குறைத்தல் ஆகாது. தாமதத்தைப் பொறுக்கலாம், அழிந்த பதிவேட்டை மீட்பது அரிது.