இல்லத்து ஒலிப்பதிவும் நம்பத்தகு கணினியும்

ஏட்டில் எழுதிய பாட்டின் சொற்கள் நிலைபெறும். அதன் மெட்டும் குரலின் குழைவும் ஏட்டில் ஏறா. மலையகத் தோட்டங்களில் வழங்கிய நாட்டார் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அரிதின் முயன்று தொகுத்தளித்தார். அதனால் அச்சொற்கள் இன்று நம் கையில் உள்ளன. ஆயினும், எல்ல, தெமோதரை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களில் தாலாட்டையும் ஒப்பாரியையும் காமன் கூத்துப் பாட்டையும் பாடவல்ல முதியோர் அருகி வருகின்றனர். அவர்தம் குரலைப் பதிவுசெய்ய வீட்டுக் கணினியே போதும். அஃது எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எல்லவுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில், மூதாட்டி ஒருவரின் தாலாட்டை மேசைக் கணினியொன்றிற் பதிவு செய்துகொண்டிருந்தேன். பாட்டு முடியுமுன் மின்சாரம் நின்றது, பதிவும் அழிந்தது. “இன்னொரு நாளைக்கு வாங்க தம்பி, பாடுறேன்” என்றார் அவர். அந்நாள் வருமுன் அவர் காலமானார். விரைவான கணினி வேறு, நம்பத்தகு கணினி வேறு என்பதை அன்றே உணர்ந்தேன்.

முதலாவது, விரைவைப் பற்றிய மயக்கத்தை நீக்குவோம். ஒலியலையை நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட்டில் எழுதினால், ஒரு மைக்குக்கு நொடியொன்றுக்கு 1,44,000 பைட் ஆகும். இரண்டு மைக்குக்கு ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 1 ஜிகாபைட். இதனைத் தாங்கப் பழைய அலுவலகக் கணினியும் வல்லது. எனவே, மிகுந்த விலை கொடுத்தல் வேண்டா.

இரண்டாவது, இடையறாமை. கணினி ஒலியைச் சிறுசிறு பகுதிகளாகப் பெறுகின்றது. 256 அளவுகள் கொண்ட பகுதியொன்று நிறைய 5.3 மில்லிநொடி ஆகும். அதற்குள் முன்னைய பகுதியை எடுத்து முடிக்காவிடில், பதிவில் ‘டிக்’ என்னும் ஓசையோ வெற்றிடமோ விழும். கணினி ஓய்வாயிருப்பினும், தானாக வரும் புதுப்பித்தலும் வைபையும் மின்சிக்கன ஏற்பாடும் அதனைக் கணப்பொழுது தடுக்கக்கூடும். ஆதலின் பதிவுநேரத்தில் இவற்றை நிறுத்திவிடுக. பகுதியின் அளவையும் 512 அல்லது 1,024 ஆகப் பெருக்குக. பாடுவோர் தம் குரலை ஹெட்போனிற் கேட்க விரும்பின் இவ்வளவு தாமதம் இடறும். அப்போது கணினியைச் சுற்றிவராது, மைக் இணைக்கும் கருவியிலிருந்தே நேரே கேட்கச் செய்க.

மூன்றாவது, மின்சாரம். மலைநாட்டில் இடியும் மின்னலும் மின்தடையும் புதியன அல்ல. நல்ல மின்கலம் உள்ள மடிக்கணினி தடையின்போதும் தொடர்ந்து இயங்கும். மேலும், சுவர் மின்னிலிருந்து அதனைக் கழற்றிவிடின், 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தால் எழும் ‘ம்ம்’ என்னும் இரைச்சலும் பெரும்பாலும் நீங்கும். மேசைக் கணினியே உள்ளதெனின் யு.பி.எஸ். இன்றியமையாதது.

நான்காவது, அமைதி. லயத்து அறை சிறியது. கணினியின் விசிறி ஓசையை மைக் தவறாது பற்றும். சுழலும் வன்தட்டை விடுத்து எஸ்.எஸ்.டி. கொள்க, விசிறி மெல்லச் சுழலும் கணினியைத் தேர்க, அதனை மைக்குக்கு எட்டத்தில் வைக்க. தகரக் கூரையில் மழை விழும் பொழுதைத் தவிர்ப்பதும் தேர்ச்சியே.

இனி, சோதனை. குறித்த நாளுக்கு முன்னர், அதே கருவிகளோடு ஒரு மணி நேரம் இடைவிடாது பதிவுசெய்து, முழுவதையும் செவிமடுத்துக் கேட்க. ஒரு ‘டிக்’ கேட்பினும் காரணத்தைக் கண்டு களைந்து, மீண்டும் சோதிக்க. தேறிய பின்னர் எந்த மென்பொருளையும் மாற்றற்க. பாடல் முடிந்ததும், அவ்விடம் விட்டு எழுமுன் இரு பிரதிகள் எடுக்க. மூன்றாவதை வேறோர் ஊரில் வைக்க. பாடியவர், தோட்டம், நாள், பாடும் சந்தர்ப்பம் ஆகியவற்றை அவர் இசைவுடன் குறித்து வைக்க.

மாணவ அன்பர்களே! உங்கள் இல்லத்திற் பாட்டறிந்த பாட்டியோ பாட்டனோ இருப்பின், சிறந்த கணினி வரும்வரை காத்திராதீர்கள். உள்ள கணினியைச் சோதித்துச் சீர்செய்து, இவ்விடுமுறையிலேயே அவர் எதிரே அமருங்கள்.