தலைவலி வரும் பின்னே, கொட்டாவி வரும் முன்னே!

வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் 'வெப்பநிலை' என்று எழுதியிருக்கிறார். உங்கள் பக்கத்தில் இருக்கும் நண்பனுக்கோ அச்சொல்லின் நடுவே இரண்டு எழுத்துகளைக் காணவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்க்கிறான். வலக் கண்ணை மூடிப் பார்க்கிறான்; இடக் கண்ணை மூடிப் பார்க்கிறான். ஓட்டை அங்கேயேதான் இருக்கிறது. சில நிமிடங்களில் அதன் விளிம்பில், பழைய கோட்டையின் மதில் போல மடிந்து மடிந்து செல்லும் ஒளிக்கோடு ஒன்று மினுமினுக்கிறது. அது மெல்ல விரிந்து, பார்வையின் ஓரத்திற்குப் போய், அரைமணி நேரத்திற்குள் மறைந்துவிடுகிறது. பிறகுதான் தலையின் ஒரு பக்கம் 'விண் விண்' என்று தெறிக்கத் தொடங்குகிறது.

கோளாறு கண்ணில் இருந்தால் அந்தக் கண்ணை மூடியதும் மறைய வேண்டும். எந்தக் கண்ணை மூடினாலும் அதே இடத்தில் தெரிகிறது என்றால், இரு கண்களின் செய்தியும் சேரும் இடத்தில்தான் ஏதோ நடக்கிறது. அந்த இடம் மூளையின் பின்புறம், பிடரிக்கு நேர் உள்ளே இருக்கிறது. உங்கள் நண்பனுக்கு வந்திருப்பது மைக்ரேன். நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். பழைய கிரேக்கப் பெயருக்கும் 'பாதி மண்டை' என்றே பொருள். ஆனால் பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். சிறுவர்களுக்கு இது பெரும்பாலும் நெற்றியின் இரு பக்கமும் வலிக்கும். உலகில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு.

வலிக்கு முன் வரும் ஒளிக்காட்சியை மருத்துவர்கள் 'ஆரா' என்பார்கள். இது எல்லாருக்கும் வருவதில்லை. மைக்ரேன் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் வரும். 1870ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ஹியூபர்ட் ஏரி தமக்குத் தோன்றியதை நிமிடக் கணக்கில் வரைந்து வெளியிட்டார். அந்தப் படங்கள் இன்றும் மருத்துவ நூல்களில் இடம்பெறுகின்றன. அவருடைய தந்தை, வானியலறிஞர் ஜார்ஜ் ஏரி, அவருக்கும் முன்பே இதே காட்சியைக் கண்டு எழுதியிருந்தார். இந்நோய் குடும்பவழி வருவது என்பதற்கு இது நல்ல சான்று.

அடுத்து வந்தவர் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க அறிஞர். அவருக்கும் மைக்ரேன் உண்டு. காட்சி தோன்றியதும் அவர் தாளும் பென்சிலும் எடுத்து, ஓட்டை எத்தனை நிமிடத்தில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று குறித்துக்கொண்டார். பார்வையின் நடுவிலிருந்து ஓரம் போக ஏறக்குறைய 20 நிமிடம் ஆயிற்று. பார்வைக்குரிய மூளைப் பகுதியில் அதற்கு ஈடான நீளம் ஆறு ஏழு சென்டிமீட்டர். நீங்களே வகுத்துப் பாருங்கள். நிமிடத்திற்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஏதோ ஒன்று மூளையின் மேல் ஊர்ந்து செல்கிறது என்று 1941இல் எழுதினார்.

இந்த வேகம் எப்படிப்பட்டது? உங்கள் வீட்டு அலாரம் கடிகாரத்தின் நிமிட முள் 3 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டச் சுற்றளவு காணும் வாய்பாடு நினைவிருக்கிறதா? அம்முள்ளின் நுனி ஒரு மணி நேரத்தில் சுற்றும் தூரம் ஏறக்குறைய 188 மில்லிமீட்டர். நிமிடத்திற்கு 3 மில்லிமீட்டர். அதே வேகம்தான்! நரம்பில் செய்தி ஓடும் வேகமோ நொடிக்குப் பல மீட்டர். ஆகவே இது சாதாரண நரம்புச் செய்தி அன்று.

அப்படியானால் என்ன? விடை முயலின் மூளையிலிருந்து கிடைத்தது. பிரேசில் நாட்டவரான அரிஸ்டைடிஸ் லியாவோ, காக்காய் வலிப்பைப் பற்றி ஆராயப்போய், 1944இல் வேறொன்றைக் கண்டார். மூளையின் மேற்பரப்பை ஓரிடத்தில் தூண்டியபோது, அங்கே மின் துடிப்பு அடங்கிப்போயிற்று. அந்த அமைதி, குளத்து நீரில் அலை விரிவது போல் நாற்புறமும் பரவியது. வேகம் நிமிடத்திற்குச் சில மில்லிமீட்டர். அலையின் முகப்பில் நரம்பணுக்கள் சற்று நேரம் கொந்தளிக்கின்றன. பொட்டாசியம் அயனிகள் அணுக்களை விட்டு வெளியே கசிந்து, அடுத்த அணுவையும் கொந்தளிக்க வைக்கின்றன. பிறகு எல்லாம் ஓய்ந்து கிடக்கின்றன. இப்போது ஒளிக்கோட்டையும் ஓட்டையையும் நினைத்துப் பாருங்கள். கொந்தளிக்கும் முகப்பு மினுமினுக்கும் கோடாகத் தெரிகிறது. பின்னால் ஓய்ந்த பகுதி ஓட்டையாகத் தெரிகிறது.

லாஷ்லி சொன்ன வேகமும் லியாவோ கண்ட வேகமும் பொருந்துவதை 1958இல் மில்னர் என்பவர் சுட்டிக்காட்டினார். மனித மூளையில் நேராகப் பார்ப்பதற்கு 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூடைப்பந்து ஆடினால் தமக்கு ஒளிக்காட்சி வரும் என்று அறிந்த ஒருவர், ஆடிவிட்டு வந்து காந்த அதிர்வுப் படக்கருவிக்குள் படுத்தார். அலை ஊர்வது படத்தில் தெரிந்தது. வேகம் நிமிடத்திற்கு 3.5 மில்லிமீட்டர். பென்சிலால் லாஷ்லி போட்ட கணக்கு எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது, பார்த்தீர்களா?

ஒளிக்காட்சிக்கும் முன்னதாக வேறு சில குறிகள் உண்டு. காரணமில்லாமல் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, சோர்வு, எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், படித்த வரியையே திரும்பப் படித்தல், குறிப்பிட்ட ஒரு தின்பண்டத்தின் மேல் அடங்காத ஆசை. இவை சில மணி நேரம் முன்போ, ஒன்றிரண்டு நாள் முன்போ தோன்றும். 'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பார்களே, அதுபோல. இவற்றை ஒன்றாகப் பாருங்கள்: பசி, தாகம், தூக்கம், மனநிலை. இவை அனைத்தையும் ஆளும் உறுப்பு ஹைப்போதலாமஸ். மூளையின் அடியில், பாதாம் பருப்பளவே இருப்பது. ஹாம்பர்க் நகரில் ஒரு நோயாளியை 30 நாள் தொடர்ந்து, நாள்தோறும் படமெடுத்து 2016இல் வெளியிட்டார்கள். வலி வருவதற்கு முந்தைய நாளிலேயே ஹைப்போதலாமஸின் வேலை மாறிவிட்டிருந்தது. ஒரே ஒரு நோயாளிதான். ஆனாலும் வலிக்கு வெகு முன்பே மூளையில் வேலை தொடங்கிவிடுகிறது என்பதை அது காட்டியது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'நேற்று சாக்லேட் தின்றாய், இன்று தலைவலி' என்று வீட்டில் சொல்வார்கள். தின்றது உண்மை, வலித்ததும் உண்மை. ஆனால் தாக்குதல் ஏற்கெனவே தொடங்கிவிட்டதால்தான் இனிப்பு ஆசையே எழுந்தது என்றால்? அப்போது சாக்லேட் காரணம் அன்று, அடையாளம். சாக்லேட்டைப் போலவே தோற்றமும் சுவையும் உடைய வேறு பொருளைக் கொடுத்துச் சோதித்தபோது, இரண்டாலும் தலைவலி வருவதில் வேறுபாடு காணப்படவில்லை. கண்கூசும் வெளிச்சத்திற்கும் இதே கேள்வி பொருந்தும். ஆனால் எல்லாவற்றையும் இப்படித் தள்ளிவிட முடியாது. தூக்கம் கெடுவதும், காலை உணவைத் தவிர்ப்பதும், மனச் சுமையும் பலருக்கு உண்மையாகவே தாக்குதலைத் தூண்டுகின்றன. தேர்வுக் காலத்தில் மூன்றும் சேர்ந்து வருவதால்தான் தேர்வன்று தலைவலி வருகிறது. அதைப் 'பாசாங்கு' என்று சொல்வது பெரும் அநியாயம்.

முன்குறிகளை அறிந்து என்ன பயன்? 2003இல் வெளியான ஆய்வில், தமக்கு முன்குறிகள் உண்டு என்று சொன்ன 97 பேர் மூன்று மாதம் மின்னணு நாட்குறிப்பில் பதிவு செய்தார்கள். 'வரப்போகிறது' என்று அவர்கள் சொன்னவற்றில் 72 விழுக்காடு பலித்தது. 2023இல் வெளியான மற்றொரு சோதனையில், முன்குறி கண்டதுமே யூப்ரோஜெபன்ட் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். 46 விழுக்காடு முறைகளில் அடுத்த 24 மணி நேரத்தில் கடுமையான அல்லது நடுத்தர வலி வரவில்லை. வெறும் மாத்திரை கொடுத்தபோது 29 விழுக்காடு. இது பெரியவர்களிடம் செய்த சோதனை. இதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். சாதாரண வலி மாத்திரையைக்கூட மாதத்தில் பாதி நாள் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

மற்றொன்றையும் கவனியுங்கள். மைக்ரேனின் காட்சி நிமிடக் கணக்கில் மெல்ல விரியும். ஒரு மணி நேரத்திற்குள் போய்விடும். நொடியில் இடி விழுந்தாற்போல் வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, தலையில் அடிபட்டபின் வலித்தாலோ, கை கால் திடீரென்று தளர்ந்தாலோ, முன்குறியா என்று ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்களுக்கு அடிக்கடி தலைவலி வருமானால் ஒரு கோடு போட்ட நோட்டு போதும். நாள், எழுந்த நேரம், காலை உணவு உண்டா இல்லையா, கொட்டாவி, கழுத்து, ஆசைப்பட்ட பண்டம், வலி தொடங்கிய மணி என்று கட்டம் கட்டிக்கொண்டு, இரண்டு மாதம் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கொட்டாவி வந்தும் தலைவலி வராமல் போன நாட்களையும் எழுத வேண்டும். அந்த நாட்களை விட்டுவிட்டால், எந்தக் குறி உங்களுக்கு உண்மையான மணியோசை என்று கணக்கிட வழியில்லை.