அலகின் வன்மை

அலகு என்னும் சொல் தமிழில் பல பொருள் தரும். பறவையின் மூக்கை அலகு என்கிறோம். கத்தியின் தகட்டையும் அலகு என்கிறோம். விமானப் பொறியின் முகப்பில் சுழலும் விசிறியின் தகடுகளுக்கும் அதுவே பெயர். விசும்பில் செல்லும் பறவையும் பொறியின் அலகும் எதிர்ப்படுமாயின் நிகழ்வது யாது? அம்மோதலைத் தாங்குமாறு அலகை ஆக்குவது எங்ஙனம்? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பறவை மோதும் இடர் விமானத்தின் இளமையிலேயே தோன்றிவிட்டது. 1905-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில் ஓர்வில் ரைட் விமானம் செலுத்தியபோது ஒரு பறவை அதில் அடிபட்டு மடிந்தது. அக்கால விமானம் மெல்லச் சென்றமையால் தீங்கொன்றும் நேரவில்லை. விரைவு மிகுந்தோறும் இடரும் மிகுந்தது. 1960-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், பாஸ்டன் நகர விமான நிலையத்தினின்றும் எழுந்த எலெக்ட்ரா விமானம் ஒன்று, மைனாவின் இனத்தைச் சேர்ந்த சிறு பறவைகளின் கூட்டத்துள் புகுந்தது. பறவைகள் பொறிகளுக்குள் இழுக்கப்பட்டன. உந்துவிசை குன்றிய விமானம் நீரில் வீழ்ந்தது. அதில் இருந்த 72 பேருள் 62 பேர் மாண்டனர். இக்கொடுமைக்குப் பின்னர், பறவை மோதலைத் தாங்கும் திறன் பொறிகளுக்கு இருத்தல் வேண்டும் என விதிகள் வகுக்கப்பட்டன.

மென்மையான உடல் கொண்ட பறவை, உறுதியான உலோகத்தைச் சிதைப்பது எவ்வாறு என்று நீங்கள் வினவலாம். விரைவே அதற்குக் காரணம். விரைவு இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். விமானம் மேலெழும்போது பெரிய விசிறியின் அலகு நுனி ஒலியினும் கடுகிச் செல்லும். குளத்தில் மெல்ல இறங்குவானுக்கு நீர் மென்மையானது. மிக உயரத்தினின்று வீழ்வானுக்கு அதே நீர் கற்பாறையை ஒக்கும். பறவையின் உடலும் அத்தகையதே. அன்றியும், சுழற்சியின் காரணமாக ஒவ்வோர் அலகையும் பெருவிசையொன்று எந்நேரமும் வெளிப்புறமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அலகு முறியுமாயின் அதன் துண்டு அடுத்த அலகைத் தாக்கும். ஓடுபாதையில் கிடக்கும் கல்லும் ஆணியும் பொறிக்குள் புகுந்தாலும் இத்தகைய கேடு விளையக்கூடும்.

அங்ஙனமாயின் அலகை மிகக் கடினமானதாகச் செய்துவிடலாமே எனின், அது பொருந்தாது. கண்ணாடி கடினமானது, எனினும் ஓரடிக்கு உடைகிறது. மூங்கிலோ வளைகிறது, அடி நீங்கியதும் நிமிர்கிறது. அலகுக்கு வேண்டுவது கடினம் மட்டுமன்று. அடியை ஏற்று அடங்கும் தன்மையும் வேண்டும். இவ்வுண்மையை ஆங்கில நாட்டு நிறுவனம் ஒன்று பெரும்பொருள் இழந்து அறிந்தது.

ரோல்ஸ்-ராய்ஸ் என்னும் அந்நிறுவனம், 1968-ஆம் ஆண்டில் லாக்கீட் நிறுவனத்தின் டிரைஸ்டார் விமானத்திற்குப் பொறி செய்து தர உடன்பட்டது. எடை குறைவாக இருத்தல் வேண்டிக் கரியிழையால் ஆன அலகுகளை அஃது அமைத்தது. அவை இலேசானவை, இழுவிசையைத் தாங்குவதிலும் சிறந்தவை. ஆயினும் 1970-ஆம் ஆண்டு நடந்த சோதனையில், எறியப்பட்ட பறவை மோதியதும் அவை நொறுங்கின. பின்னர் டைட்டானியம் என்னும் உலோகத்தால் அலகுகள் செய்யப்பட்டன. காலமும் பொருளும் விரயமாயின. செலவு எல்லை கடந்தமையால் 1971-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அந்நிறுவனம் நொடித்துப் போயிற்று. அரசு அதனை ஏற்று நடத்தலாயிற்று. டைட்டானிய அலகுகள் பூண்ட அப்பொறி 1972-ஆம் ஆண்டில் பயணிகளைச் சுமந்து பறந்தது.

தோல்வியுற்ற கருத்து அத்துடன் மடிந்துவிடவில்லை. 1995-ஆம் ஆண்டில் பணிக்கு வந்த ஜி.இ.90 என்னும் பொறியின் அலகுகள் கரியிழையால் ஆனவையே. ஆனால் அடி முதலில் விழும் முன்விளிம்பிற்கு டைட்டானியக் கவசம் பொருத்தப்பட்டது. இழுவிசையைக் கரியிழை தாங்கியது; வெட்டுவிசையை உலோகம் தாங்கியது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைத்தது. அலகுகளை அகலமாக்கி அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்ததும் வலிமைக்குத் துணை செய்தது.

இன்று புதிய பொறி ஒவ்வொன்றும் வணிகப் பணிக்கு வருமுன் தன் தகுதியை மெய்ப்பித்தல் வேண்டும். அழுத்திய காற்றால் இயங்கும் பீரங்கியின் வாயிலாக, சுழலும் விசிறியின்மேல் பறவை உடல்கள் எறியப்படுகின்றன. சிறிய, நடுத்தரப் பறவைகள் புகுந்தால், பொறி தன் உந்துவிசையில் நான்கில் மூன்று பங்கேனும் தருதல் வேண்டும். பெரும்பறவை மோதினால், தீப்பற்றாமலும், உடைந்த துண்டுகள் உறையைத் துளைத்து வெளிவராமலும் அடங்கி நின்றாற் போதும். வெற்றி தர இயலாதவிடத்துப் பிறர்க்குக் கேடு செய்யாமல் ஓய்வதும் ஒரு வன்மையே என்பது இவ்விதியின் கருத்து.

எனினும் எவ்வலிமைக்கும் எல்லை உண்டு. 2009-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள், நியூயார்க் நகரினின்றும் எழுந்த ஏர்பஸ் விமானத்தின் இரு பொறிகளிலும் கனடாப் பெருவாத்துகள் புகுந்தன. அப்பொறிகள் ஏறத்தாழ 1.8 கிலோகிராம் எடையுள்ள ஒரு பறவைக்கே சோதிக்கப்பட்டவை. வாத்துகளோ அதனினும் மிகப் பெரியவை. அவை விசிறியைக் கடந்து பொறியின் உட்பகுதியைச் சிதைத்தன. விமானத் தலைவர் சல்லன்பெர்கர், கலங்காது விமானத்தை அட்சன் ஆற்றின்மீது இறக்கினார். 155 பேரும் உயிர் தப்பினர். அலகின் வன்மை முடிந்த இடத்தில் மனிதரின் பயிற்சியும் மனத்திட்பமும் காத்தன.

ஆதலின் பாதுகாப்பு அலகினால் மட்டும் அமைவதன்று. விமான நிலையத்தின் அருகே உணவுக் கழிவை எறிவோர் பருந்துகளையும் காகங்களையும் அழைப்போர் ஆவர். ஓடுபாதையைத் தூய்மை செய்யும் எளிய தொழிலாளியும், ஆய்வுக்கூடத்தில் அலகை வகுக்கும் பொறியியலாரும் ஒரே உயிரைக் காப்பவர்களே. அடியைத் தாங்கக் கற்பதும், அடி விழாது தடுப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே அறிவுடைமை என்று உணர்வோமாக.