கூட்டத்தில் அம்மா எங்கே?

வரதராஜப் பெருமாளின் வைகாசி கருட சேவை பார்க்கக் குழந்தையோடு காஞ்சிபுரம் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

சுற்றிலும் அரக்குப் பட்டு, நீங்கள் மட்டும் மஞ்சள் என்றால், பிள்ளையின் கண் சட்டென்று உங்களிடம் வந்துவிடும். சிலர் அரக்கில் மஞ்சள் பார்டர், சிலர் நீலத்தில் பச்சை பார்டர். நீங்களோ அரக்கில் பச்சை பார்டர். இப்போது உடல், பார்டர் இரண்டையும் சேர்த்து, ஒவ்வொருவராகத்தான் மூளை தேடியாக வேண்டும். உளவியல் நிபுணர் ஆன் டிரெய்ஸ்மன் 1980-ல் விளக்கிய விஷயம் இது.

'அதை விடு, இதைப் பார்' என்று கண்ணுக்கு உத்தரவு போடும் முன்மூளை இருபது வயதைத் தாண்டியும் முதிர்கிறது. ஐந்து வயசுப் பிள்ளை திணறாதா என்ன? 'எதிர்லதானே நின்னேன், கண்ணு தெரியலையா?' என்று அதட்டாதீர்கள். பளிச்சென்று தனித்துத் தெரியும் நிறத்தில் உடுத்துங்கள். 'என்னைக் காணோம்னா நின்ன இடத்திலேயே நில்லு, நான் வந்து தேடறேன்' என்று வீட்டிலேயே சொல்லிவையுங்கள்.