மேற்குச் சுவருக்கு ஏற்ற செடி

அன்புள்ள கயலுக்கு,

ஒர்லாண்டோ வீட்டு முகப்புக்காக நீ குஸ்மேனியா என்ற பிரோமிலியட் செடி ஆறு தொட்டி வாங்கி அனுப்பிய படத்தைப் பெரியப்பா பார்த்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது சிவப்புப் பூ அல்ல, பின்னால் தெரிந்த மேற்குப் பார்த்த சுவர். புளோரிடாவின் பிற்பகல் வெயில் முழுக்க அதன்மேல்தான் விழும். குஸ்மேனியா நிழல்செடி, தொட்டிகளை இன்றைக்கே தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்துவிடு.

பிரோமிலியட் என்பது ஒரு செடியின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். அதில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. நாம் தின்னும் அன்னாசியும் இந்தக் குடும்பம்தான். இவ்வளவு பெரிய குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே குணம் இருக்குமா? காட்டு மரத்தடியில் பிறந்தவையும் உண்டு, மொட்டைப் பாறையில் பிறந்தவையும் உண்டு.

வாங்கும்போது பூவைப் பார்க்காதே, இலையைத் தொட்டுப் பார். மெல்லியதாய், வழுவழுப்பாய், முள் இல்லாமல் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் நிழல்செடி. விறைப்பாய், ஓரத்தில் முள்ளோடு, சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் வெயில் தாங்கும். அந்தச் சாம்பல் நுண்ணிய செதில்கள். கூசும் ஒளியைத் திருப்பிவிடும், ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

வெயில்செடி என்றதும் பெரியப்பாவுக்கு நினைவு வருபவர் ரியோ டி ஜெனிரோவின் தோட்டக் கலைஞர் ரொபெர்ட்டோ பர்லே மார்க்ஸ். அவர் இளைஞராக இருந்தபோது, பிரேசில் தோட்டங்களில் ஐரோப்பியப் பூச்செடிகளுக்குத்தான் மதிப்பு. தன் நாட்டுச் செடிகளின் அழகை அவர் உணர்ந்தது 1920-களின் இறுதியில், பெர்லின் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில்! பிறகு பாறைகளிலும் கடலோர மணலிலும் வளர்ந்தவற்றையும் தேடித்தேடிச் சேர்த்தார். ரியோவின் மேற்குப் பகுதியில் அவர் வளர்த்த தோட்டம் 2021-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

அவர் பாணியில் ஒரு செடி மட்டும் வேண்டுமென்றால் அல்கான்டாரியா இம்பீரியாலிஸ். ரியோ பக்கத்து மலைப்பாறைகளில் வெயிலை முழுசாக வாங்கி வளர்வது; குறுக்கே ஒரு மீட்டருக்கு மேல் விரியும். பூக்கப் பத்து வருடம்கூட ஆகலாம், பூத்தபின் தாய்ச்செடி வாழை மாதிரி கன்றை விட்டுவிட்டுப் போய்விடும். அவ்வளவு பொறுமை உனக்குக் கிடையாது என்பது பெரியப்பாவுக்குத் தெரியும். அதனால் ஏக்மியா பிளாஞ்செட்டியானாவை வை. பாஹியா கடற்கரை மணலைச் சேர்ந்தது. நிழலில் வைத்தால் வெறும் பச்சை. வெயில் ஏற ஏற ஆரஞ்சும் செம்பு நிறமும் ஏறும். பூவுக்காகக் காத்திருக்க வேண்டாம், இலையே பூ மாதிரி.

ஒரு குறை, அதற்குக் குளிர் ஆகாது. மயாமியில் பெரியப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை. ஒர்லாண்டோவில் சில இரவுகள் உறைபனி விழும். அன்றைக்குப் பழைய போர்வையால் மூடு. மூட மறந்துவிடுவாய் என்றால் ஏக்மியா டிஸ்டிகாந்தா வாங்கு. தெற்கு பிரேசில், அர்ஜென்டினா பக்கம் வளர்வது, குளிரையும் தாங்கும்.

நாற்றுப்பண்ணையில் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்ததை நேராக வெயிலில் இறக்கினால் வெயில்செடியும் வெந்துபோகும். முதலில் காலை வெயில் மட்டும், பிறகு சில வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்டு. கருகிய இலை தேறாது; புதிய இலைகள் தாங்கிக்கொள்ளும். அடியை ஆழப் புதைக்காதே, தண்ணீர் வடியும் மண்ணாக இருக்கட்டும். தாமிரம் கலந்த மருந்து பக்கத்திலேயே வரக்கூடாது, இந்தக் குடும்பத்துக்கு அது விஷம். இலைக்குவளையில் நிற்கும் நீரில் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறைக்குக் குறையாமல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அதைக் கழுவிவிடு.

பெரியப்பா வீட்டுப் பிளாஞ்செட்டியானா மூன்று கன்று விட்டிருக்கிறது. தாயின் பாதி உயரம் வந்ததும் அறுத்துத் தருவார். வரும்போது முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் கொண்டு வா. போன தடவை கீறிய கீறல் இன்னும் அவர் கையில் ஆறவில்லை.

அன்புடன்,
பெரியப்பா